குடியிருப்பு மட்டும்

மெக்சிகோ நகரத்துக்கு வடக்கே
பார்லி விளைந்த மண்ணை மட்டமாக்கி
ஒரே அச்சில் வார்த்த வீடுகள்,
பதினோராயிரத்து நாற்பது.
என் கையில் படிவம். கழுத்தில் அட்டை.
பையில், நாய்களுக்கென்று, காய்ந்த ரொட்டி.

விடியல் குன்றுகள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
குன்று கிடையாது.
விடியலை இங்கே நின்று பார்த்தவர்களும் குறைவு.
மூன்றே முக்காலுக்கு வேன் வந்துவிடுகிறது.

இந்த வரிசையில் ஏழு வீட்டுக்கு ஜன்னல் இல்லை.
மின்கம்பியை உருவிக்கொண்டு போயிருக்கிறார்கள்,
கழிப்பறைக் கோப்பையையும்.
எட்டாவது வீட்டுச் சுவரில் கரியால் எழுதியிருக்கிறது:
இன்னும் தவணை கட்டுகிறோம், திருடாதீர்கள்.
படிவத்தில் எனக்கு இரண்டே கட்டம்.
ஆள் உண்டு.
ஆள் இல்லை.

எலெவுதேரியோ உண்டா, இல்லையா?
ஞாயிறு என்பதால் இருந்தார், பாதிச் சவரத்தோடு.
நகரின் தென்கோடியில்
மருத்துவமனைத் துணிகளை வெளுக்கிறவர்.
எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்டேன்
(கேள்வி அப்படித்தான் அச்சாகியிருந்தது).
நுரையோடு விரல் மடக்கினார்.
போக இரண்டரை மணி, வர மூன்று,
வேலை பன்னிரண்டு, தூக்கம் ஐந்து.
மிச்சம் ஒன்றரை;
சாப்பாடும் சண்டையும் அதற்குள்.
பேருந்து என்றே எழுதிக்கொள்ளுங்கள்,
வலப்பக்கம், மூன்றாவது ஜன்னல்.

அலுவலகத்தில் பொறியாளர் பர்ராகான்
வீடுகளுக்கு மஞ்சள் பூசியிருக்கிறார்,
தொழில்களுக்கு ஊதா.
மஞ்சள் எல்லாம் மேலே, ஊதா எல்லாம் கீழே.
நடுவில் எழுபது கிலோமீட்டர் வெள்ளைத் தாள்.
அந்த வெள்ளையில்தான்
தலை ஜன்னலில் இடித்து இடித்துத்
தூங்கிக்கொண்டிருக்கிறார் எலெவுதேரியோ.

வீட்டைக் கட்டிப் பார் என்பார்களே,
கட்டிப் பார்த்துவிட்டார்கள்.
பக்கத்திலேயே ஒரு வேலையைக் கட்டிப் பார்க்க
யாருக்கும் தோன்றவில்லை.
மருந்துக்கடை, மூன்று மாவு மில்,
பள்ளிக்கூடம், காவல்கூண்டு, இப்படிக் கூட்டினால்
வேலைகள்: முந்நூற்றுப் பன்னிரண்டு.
என்னுடையதைச் சேர்க்கவில்லை.
சேர்க்கலாமா என்று கேட்டதற்குப்
பொறியாளர் சிரித்தார்.

ஏனென்றால் நான் வசிப்பது தெற்கே,
அதே மருத்துவமனைக்கு நாலு தெரு தள்ளி,
அக்கா வீட்டில், துணி உலர்த்தும் மாடியறையில்.
காலையில் அவர் ஏறும் பேருந்து நெரிபடும்.
எதிர்த்தடத்தில் என்னுடையது காலி.
ஓட்டுநர், நான், சில சமயம் ஒரு கோழிக்கூடை.
எங்கோ சுங்கச்சாவடிப் பக்கம்
ஒருவரையொருவர் கடந்திருப்போம், ஆறு மாதமாக.

இதைச் சொன்னதும் அவர் மனைவி ஒப்துலியா
உள்ளேயிருந்து கத்தினாள்:
வீட்டை மாற்றிக்கொள்ளுங்களேன் இரண்டு பேரும்!
சிரித்தோம்.
பிறகு கொஞ்ச நேரம் யாரும் சிரிக்கவில்லை.
அக்கா வாங்கும் வாடகை
அவருடைய சம்பளத்தில் பாதி.
என் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது.

கிளம்பும்போதுதான் பார்த்தேன்.
தெருப்பக்கச் சுவரில் ஒரு ஓட்டை,
புதிதாக உடைத்தது, செங்கல் தூள் இன்னும் கூட்டப்படவில்லை.
பலகையைச் சார்த்தி, அடுப்பை இழுத்துப் போட்டு
ஒப்துலியா பாலாடைக்கட்டி மடித்த சோள ரொட்டி சுடுகிறாள்.
பக்கத்து வீட்டுப் பெண் மாரிசெலா
மடியில் கத்தியோடு கள்ளிமடல் சீவுகிறாள்.
வாங்க நிற்பது மூன்று சிறுவர்கள்,
இரவுக்காவல் முடிந்த ஒருவன்.

விதி எண் பதினான்கு: குடியிருப்பு மட்டும்.
சுவரை உடைத்தல், வணிகம் செய்தல், இரண்டும் மீறல்.
குறிக்க ஒரு தனிப் பக்கமே இருக்கிறது.
பேனாவைத் திறந்தேன். ஒப்துலியா பார்த்தாள்,
சட்டுவத்தைக் கீழே வைக்காமல்.

முந்நூற்றுப் பன்னிரண்டை அடித்தேன்.
முந்நூற்றுப் பதின்மூன்று.
மாரிசெலாவுக்குக் கூலி உண்டா என்று கேட்டேன்.
நாள் முடிவில் பார்க்கலாம் என்றாள்.
பென்சிலால் பதினான்கு என்று எழுதி,
காசு கொடுத்து,
நின்றபடியே சாப்பிட்டேன்.
உப்பு கொஞ்சம் தூக்கல்.